கைப்பிடி இல்லாமல் கடலுக்குப் போனவள்

நாடெங்கும் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைச் செய்து அனுப்புகிற ஊரில் பிறந்து, கைப்பிடி இல்லாத ஒரு பம்பை எடுத்துக்கொண்டு அரபிக் கடலுக்குள் சென்ற ஒரே பெண் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாமதித்தால் வேறு யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். (எங்கள் வீட்டில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு.)

அப்போது நான் கோயம்புத்தூரில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கடலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நெய்தல் திணையின் வழியாகத்தான். நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது ஏன் இரங்கல் என்பது படகில் ஏறிய இரண்டாம் நாள்தான் விளங்கியது.

என்னைப் படகில் ஏற்றியவர் மைதிலி அக்கா. கல்லூரியில் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவர்; பெருந்துறைக்காரர். கொச்சியிலிருந்து லட்சத்தீவு வரை, பாயும் மோட்டாரும் இல்லாமல், இருவர் படகில் துடுப்புப் போட்டே போய்ச் சேர்வது அவருடைய திட்டம். ஏழு நாள் பயணம். உடன் வருவதாக இருந்த தோழிக்குத் திடீரென்று பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அனுமதிக் கடிதங்களைப் பிழையின்றி எழுதிக்கொடுப்பதற்காக மட்டும் அந்த முயற்சியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த என்னை, அக்கா ஒரு நாள் கேண்டீனில் உற்றுப் பார்த்தார்.

"ஏ இலக்கியம், நீ ஒரு நாளைக்கு எத்தன வார்த்த பேசுவ?"

நான் யோசித்தேன்.

"பாத்தியா, இதுக்கே பதில் வரல. நீதான் சரியான ஆளு. ஏழு நாளும் தொணதொணன்னு பேசற ஆளோட ஒரு குட்டிப் படகுல இருந்தா, நானே தள்ளிவிட்டுப்போடுவேன்."

இவ்வாறாக, உடல் வலிமைக்காகவோ நீச்சல் திறனுக்காகவோ அல்லாமல், வாயைத் திறக்காத குணத்துக்காக நான் ஒரு கடற்பயணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மறுத்திருக்கலாம். ஆனால் மறுப்பதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

அக்காவுக்கு இந்தப் பயணம் விளையாட்டு அல்ல. ஈரோட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. நூல் ஆலை வைத்திருக்கும் அவருடைய அப்பா பேச்சை முடித்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார். பல வாரச் சண்டைக்குப் பிறகு அப்பாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். "ஒருத்தர்கிட்டயும் ஒரு ஒதவியும் கேக்காம அக்கரை சேந்துட்டு வா. ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கறதில்ல. எந்தக் கடலுக்கு வேணாலும் போ. நடுவால எவங்கிட்டயாச்சும் கேட்டுப்போட்டீன்னா, வந்த மறு வாரமே மாப்பள ஊட்டுக்காரங்க வந்து பாப்பாங்க. சரியா?" சரி என்றார் அக்கா. அவருக்கு அடுத்ததாக இன்னும் பெரிய கடல் ஒன்றின் மீது கண் இருந்தது.

பாதுகாப்புக்காக ஒரு துணைப் படகு பின்தொடர வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. தூத்துக்குடிக்காரரான சேவியர் அண்ணனின் விசைப்படகு அதற்கு அமர்த்தப்பட்டது. அது எங்களுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டும் தொலைவில் வரும். நாங்கள் உயிருக்குப் போராடினாலொழிய அதனிடமிருந்து எதையும் பெறக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

ஆறு மாதம் பயிற்சி செய்தோம். வாரநாட்களில் காந்திபுரத்து உடற்பயிற்சிக் கூடத்தில், துடுப்புப் போடுவது போன்ற இயந்திரம் ஒன்றில், எங்கும் நகராமல் பல மைல் சென்றேன். வார இறுதியில் கொச்சிக்குப் போய் உண்மையான தண்ணீரில் வாந்தியெடுத்தேன். என் உள்ளங்கைகளைப் பார்த்த பேராசிரியர் ஒருவர், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று தனியே அழைத்து விசாரித்தார். (அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் எனக்கு உள்மதிப்பீட்டு மதிப்பெண் தாராளமாக விழுந்தது.)

பொருட்களின் பொறுப்பு என்னுடையது. நூற்றுப் பன்னிரண்டு பொருட்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தேன். அவற்றில் தலையாயது கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி. (எங்கள் அத்தைக்கு அது "ஆர்.ஓ. மிசின்".) அது பேட்டரியில் ஓடும், பேட்டரி கைவிட்டால் கையால் அடிக்கலாம். கையால் அடிப்பதற்கான பிளாஸ்டிக் கைப்பிடி பயிற்சியின்போதே முறிந்துவிட்டதால், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் அப்பா, பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிய கைப்பிடி ஒன்றைக் கடைந்து கொடுத்தார். "கடலே வத்தினாலும் இது தேயாது கண்ணு" என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அத்தை நாள்காட்டியைப் பார்க்கும் வரை.

அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதாகத் திட்டம். வாரத்தில் மேற்கே சூலம் உள்ள நாட்கள் இரண்டே இரண்டு: வெள்ளியும் ஞாயிறும். நாங்கள் போவது நேர் மேற்கே. காற்றையும் அலையையும் கணினியில் பார்த்துப் பார்த்துத் தேதி குறித்திருந்த மைதிலி அக்கா, ஐந்து நல்ல நாட்களைத் தவிர்த்துவிட்டு மிகச் சரியாக இந்த இரண்டையும் பொறுக்கியெடுத்திருந்தார்.

"ஏனம்மணி, உங்க ஊட்டுல காலண்டரே இல்லீங்களா?" என்று அத்தை அக்காவைக் கேட்டார்.

அக்கா ஒரு தந்திரம் செய்து பார்த்தார். "துடுப்புப் போடறவங்க பின்னால திரும்பித்தானுங்க உக்காருவோம். படகு மேக்க போகும், எங்க மொகம் கெழக்கதானுங்க பாத்துட்டு இருக்கும்."

அத்தை திடுக்கிட்டார். "போற பக்கத்தப் பாக்காமயே போவீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப முதுகு மேக்க போகுது. சூலம் முதுகுல குத்தாதா?"

இது உண்மையிலேயே நுட்பமான ஐயம். அத்தை தன்னால் தீர்க்க இயலாமல், காரமடையில் தனக்குத் தெரிந்த ஜோசியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னோக்கி அமர்ந்து முன்னோக்கிச் செல்வோருக்கான விதி தன் நூல்களில் இல்லை என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டு, எதற்கும் பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார்.

பரஸ்தானம் என்பது, போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் பொருள் ஒன்றைப் போகும் திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்தக் கணமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். பிறகு எந்த நாளில் கிளம்பினாலும், வழியில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

எங்களுக்கு மேற்கு வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. அத்தை கேட்டதும் டீச்சர் மகிழ்ந்துபோனார். "எங்க மாதா படத்துக்குக் கீழயே வெக்கறேனுங்க. புள்ளைக்கு ரெண்டு பக்கமும் காவல் இருக்கட்டும்."

எதை வைப்பது? என் பேனாவை நீட்டினேன். "பயணத்துல உன்ற கை புடிக்கற சாமானா இருக்கோணும்" என்று அத்தை தள்ளிவிட்டார். துடுப்பு மாதாவின் படத்தைவிட நான்கு மடங்கு நீளம். காலணி ஆகாது. இறுதியில் என் துல்லியமான மூளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது: நூற்றுப் பன்னிரண்டு பொருட்களில் நிச்சயமாகத் தேவைப்படப் போகாதது ஒன்றுதான், பேட்டரி இருக்கும்போது கைப்பிடி எதற்கு?

புதன்கிழமை நல்ல நேரத்தில் கைப்பிடி மஞ்சள் குங்குமத்தோடு மேற்கு வீட்டுக்குப் பயணமானது. என் பட்டியலில் அதற்கு எதிரே ஒரு குறி போட்டேன். பென்சிலால்தான். (பென்சிலால் போட்டால் அது பொய் ஆகாது என்று அன்றைய நான் நம்பினேன்.)

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேன் கிளம்பியது. மேற்கு வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கேட்டில் பூட்டு. டீச்சர் காலைப் பூசைக்குப் போயிருந்தார். போனில் அழைக்கலாம், ஆனால் பூசை நடுவில் அவருடைய போன் அலறினால் சபையே திரும்பிப் பார்க்காதா? பூசை முடியும் வரை காத்திருக்கலாம் என்று அக்காவிடம் சொல்லலாம். ஆனால் எதற்காக என்று கேட்பாரே? சூலத்துக்காகத் தண்ணீர்க் கருவியின் கைப்பிடியை அடுத்த வீட்டில் வைத்திருக்கிறேன் என்று, காற்றைக் கணினியில் பார்க்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

"என்ன கண்ணு, யார்கிட்டயாச்சும் சொல்லிட்டு வரணுமா?" என்று வேனுக்குள்ளிருந்து அக்கா கேட்டார்.

"இல்லீங்க அக்கா" என்று ஏறிக்கொண்டேன். என் வாழ்வின் மிகச் சுருக்கமான, மிக முட்டாள்தனமான வாக்கியம் அது.

முதல் மூன்று நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு மணி நேரம் துடுப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு. ஓய்வென்பது பீரோவைப் படுக்க வைத்தாற்போன்ற ஓர் அறைக்குள், யாரோ அந்தப் பீரோவை ஓயாமல் குலுக்கிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக் கிடப்பது. உட்காருவதற்கென்று இயற்கை வழங்கியுள்ள பகுதி, உப்பும் உராய்வும் சேர்ந்து, தன் கடமையைச் செய்ய மறுத்தது. ஆனாலும் மூன்றாம் நாள் மாலை, கடல் பித்தளைத் தட்டுப்போல் அசையாமல் கிடந்தபோது, இரண்டு துடுப்புகளும் ஒரே சத்தத்தில் நீரில் இறங்கி எழுந்த ஒரு மணி நேரம் உண்டு. அதற்காக இன்னொரு முறையும் போவேன். (உட்காரும் பகுதியைக் கலந்து ஆலோசித்த பிறகு.)

நான்காம் நாள் காலை கருவி ஒருமுறை இருமிவிட்டு நின்றது. உப்பு ஏறி உள்ளே ஏதோ கம்பி அறுந்திருந்தது. அக்கா சற்றும் கலங்கவில்லை.

"பரவால்ல. கைப்பிடிய எடு கண்ணு, கையாலயே அடிச்சுக்கலாம்."

நான் எழுந்திருக்கவில்லை.

"இலக்கியம், கைப்பிடி."

"அக்கா... அது ஸ்டெல்லா டீச்சர் ஊட்டுல இருக்குதுங்க."

"எங்க?"

"மாதா படத்துக்குக் கீழங்க."

அக்கா துடுப்பை மெதுவாகக் கீழே வைத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன்: சூலம், முதுகு, காரமடை, பரஸ்தானம், பூட்டு, பூசை. நான்கு நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சையும்விட அது நீளமானது. கேட்டு முடித்தபின் அக்கா வெகுநேரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். (அவருக்கு வேறு வழியுமில்லை, அந்தப் படகில் அப்படித்தான் உட்கார முடியும்.)

கேன்களில் இருந்த தண்ணீர், சிக்கனமாகக் குடித்தால், ஒன்றரை நாளுக்கு வரும். கரை சேர மூன்று நாள் ஆகும். யோசனை கேட்பது உதவி ஆகாது என்று அக்கா விட்டுக்கொடுக்க, சாட்டிலைட் போனில் என் அப்பாவை அழைத்தேன். செய்தியைக் கேட்டதும் அப்பா திட்டவில்லை. பம்பு மனிதர், நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பத்தொம்போதாம் நம்பரு ஸ்பேனரு இருக்குதா கண்ணு? அத அந்த ஓட்டைல சொருகி அடி. கொஞ்சமாத்தான் தண்ணி வரும், ஆனா வரும். கைய உட்டு நழுவிப்போடும், கயித்துல கட்டிக்கோ."

அதற்குள் அத்தை போனைப் பறித்துவிட்டார். "நீ ஒண்ணுக்கும் பயப்படாத அம்மணி. கைப்பிடி பத்தரமா இருக்குது. டீச்சரு தெனமும் மெழுகுவத்தி ஏத்தறாங்களாமா!"

ஸ்பேனரை எடுத்து, பயிற்சியில் கற்ற முடிச்சு ஒன்றைக் கயிற்றால் அதன்மீது போட்டேன். எந்த நூலிலும் படம் பிடித்துப் போடத்தக்க முடிச்சு. கருவியில் சொருகி இரண்டு மணி நேரம் அடித்தேன். அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்தது. பிறகு ஓர் அலை வந்தது, ஸ்பேனர் நழுவியது, கயிற்றோடு சேர்ந்து கடலுக்குள் போனது. முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. கயிற்றின் மறுமுனையைத்தான் நான் எதிலும் கட்டியிருக்கவில்லை.

அக்கா இப்போதும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சேவியர் அண்ணங்கிட்ட கேட்டுடலாமுங்களா?" என்று முணுமுணுத்தேன்.

"கேட்டா அடுத்த வாரம் நான் ஈரோட்டுக்காரனுக்குக் காப்பித் தட்டு தூக்கோணும். அளந்து குடிக்கலாம். மணிக்கு ஒரு மூடி. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. வயர்லெஸ்ஸத் தொடாத."

கேனின் மூடியால் அளந்து குடித்தபடி அன்றும் மறுநாளும் துடுப்புப் போட்டோம். ஆறாம் நாள் காலை, கடைசிக் கேனில் இருக்க வேண்டியதைவிட அதிகத் தண்ணீர் இருப்பதைக் கண்டேன். அளவில் தவறுகிறவள் அல்ல நான். மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். நான் உறங்கும்போதெல்லாம் அக்கா தன் மூடியைக் குடிக்காமல் விட்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலத் துடுப்பு நீரைத் தொடாமலேயே காற்றில் போய் வந்துகொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. வெயிலில் வியர்வையே இல்லை.

"அக்கா, தண்ணி குடிங்க."

"அப்பறம்" என்றார்; அந்தச் சொல் பாதியில் நின்றது.

வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தேன். மனத்துக்குள் ஒரு விண்ணப்பம் தயாராயிற்று: மதிப்பிற்குரிய ஐயா, எதிர்பாராத சூழ்நிலையின் காரணமாக... பொத்தானை அழுத்தி, அறியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல், அதைச் சொன்னேன்.

"என்னம்மா? ஒண்ணும் கேக்கலியே" என்றது சேவியர் அண்ணனின் குரல். "வாய்க்குள்ளயே பேசாத. சத்தமாச் சொல்லு."

"சிறிதளவு குடிநீர் தேவைப்படுகிறதுங்க."

"கேக்கலம்மா!"

அக்காவின் துடுப்பு கையிலிருந்து நழுவிப் படகின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தத்தில் எனக்குள் ஏதோ அறுந்தது.

"தண்ணி! தண்ணி வேணும்! இப்பவே வேணும்! அக்காவுக்கு ஒடம்பு முடியல, வாங்க!"

பிறந்ததிலிருந்து நான் சேமித்து வைத்திருந்த குரல் முழுவதும் அதில் செலவாயிற்று. அந்த அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. சுற்றுவட்டாரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த படகுகள் அனைத்தும் கேட்டன. அரை மணி நேரத்தில் எங்களைச் சுற்றி ஐந்து படகுகள் நின்றன. ஒருவர் இளநீரை நீட்டினார். ஒருவர் கட்டன் சாயா என்கிற கறுப்புத் தேநீரை. ஒருவர், எங்களைப் பார்த்த அதிர்ச்சியில், ஒரு முழுச் சூரை மீனை. எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்த சேவியர் அண்ணன் ஒரு குடத்தை இறக்கினார்.

"தண்ணிதானம்மா? இதுக்கா இம்புட்டு யோசன? ரெண்டு நாளா படகு கோணலாப் போவுதேன்னு நான் நேத்தே குடத்த நெறச்சி வச்சிட்டேன்."

அக்காவின் தலையைத் தாங்கிக்கொண்டு மூடியால் அல்ல, குடத்தாலேயே புகட்டினேன். மெல்லக் குடித்தார். நிறையக் குடித்தார். கண் திறந்து, சுற்றி நின்ற ஐந்து படகுகளையும், என்னையும், என் கையிலிருந்த மீனையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"மோர் இருக்குமான்னு கேளு" என்றார்.

நான் கேட்பதற்குள் அவரே நிமிர்ந்து, "அண்ணா, மோர் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டார். இருந்தது. இரண்டு சொம்பு குடித்தார்.

மறுநாள் மாலை தீவின் கரையைத் தொட்டோம். அக்கா அதுவரை என்னிடம் பேசவில்லை. படகுத்துறையில் தடுமாறி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "காப்பித் தட்டுத் தூக்கறப்ப நீயும் கூட வருவ. பிஸ்கட் தட்டு உன்றது" என்றார். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பெருந்துறைக்குப் போனோம். அக்காவின் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா எதையும் மறைக்கவில்லை. "தோத்துட்டேன்ப்பா. தொணப் படகுல தண்ணி வாங்கிட்டோம்."

அவர் மகளின் வெடித்த உதட்டையும் உரிந்த உள்ளங்கையையும் வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி வேணும்னு கேட்டது யாரு? நீயா?"

"இல்ல, இவ."

"நீ கேளுன்னு சொன்னியா?"

"தொடாதேன்னுதான் சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனம்மணி, என்ற பொண்ணு அவ வாயால எதுவும் கேக்கலயா?"

அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தார். இரண்டு சொம்பு மோர் என் நினைவில் தளும்பியது. எதையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பது என் வாழ்நாள் கொள்கை. என் மற்றொரு வாழ்நாள் பழக்கம் சரியான நேரத்தில் கைகொடுத்தது: நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும், எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளத்தக்க விதத்தில், அசைத்தேன்.

"அப்பறம் என்ன? கேட்டது இந்தப் புள்ள. எனக்கும் இந்தப் புள்ளைக்கும் ஒப்பந்தம் ஒண்ணுமில்லயே" என்று அவர் எழுந்து, ஈரோட்டுக்காரர்களுக்கு இப்போது வர வேண்டாம் என்று போன் செய்யத் தோட்டத்துப் பக்கம் போனார்.

அன்று முதல் எந்த விசேஷத்தில் கூடினாலும் அவர் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. போன மாதம் கோபியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் அப்பா, அத்தை, ஸ்டெல்லா டீச்சர் என்று எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர் எதிரில் நின்று, "நாக்கு வறண்டு உசுரே போற நெலம. என்ற பொண்ணு வாயத் தொறந்து ஒரு சொட்டுக் கேக்கோணுமே! ம்ஹூம்" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பரிமாறுகிறவர் மோர் வாளியோடு எங்கள் இலைக்கு வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பயபக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"மைதிலி அக்காவுக்கு மோர் வேண்டாமுங்க" என்றேன், பந்தி முழுவதும் கேட்கும்படி. "அவங்க யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டாங்க."

இலைக்கு அடியில் என் காலை அவர் மிதித்த மிதியில், இந்தக் கட்டுரையை நொண்டிக்கொண்டேதான் எழுதி முடிக்கிறேன்.